பாக்டீரியா இருந்தும் மலக்குழியில் இறங்குவது யார்?

குடலுக்குள்ளேயே கழிவை மறுசுழற்சி செய்யும் பாக்டீரியா இன்னும் ஊகமே. மலத்தைச் செரிக்கும் பாக்டீரியாவோ ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது. டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய உயிரிக் கழிவறையில், காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் மலத்தை நீராகவும் மீத்தேன் உள்ளிட்ட வாயுக்களாகவும் சிதைக்கின்றன. விருதுநகரிலிருந்து ரயில் பாதை செல்லும் மானாமதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலான 114 கி.மீ. தடம், தண்டவாளத்தில் மலம் விழாத நாட்டின் முதல் பசுமைத் தடமாக 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. தண்டவாளத்தில் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருந்தது.

ஆனால் விருதுநகரிலும் சிவகாசியிலும் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் செப்டிக் டேங்க் இருக்கிறது. அங்கும் பாக்டீரியாவே மலத்தைச் செரிக்கிறது. செரியாத கசடு அடியில் தங்குகிறது. அச்செரிமானத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடுதான் உள்ளே இறங்குபவரைக் கொல்கிறது. இறக்கப்படுபவரோ பெரும்பாலும் தலித்.

பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவதை அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு தடை செய்கிறது. 9-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. மலக்குழி மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் விதித்த 10 இலட்சம் ரூபாய் இழப்பீட்டை, 2023 அக்டோபர் 20 அன்று 30 இலட்சமாக உயர்த்தியது.

இழப்பீடு மரணத்துக்குப் பின் வருவது. ஆகவே, மரணம் நிகழும்வரை காத்திராமல், ஆளை இறக்கிய அன்றே 9-ஆம் பிரிவில் வழக்குப் பதியுமாறு நாம் காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். புதிய பாக்டீரியா வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.