பள்ளி மாவட்டத் தொழினுட்பத் திட்டம்

பள்ளி மாவட்டத் தொழினுட்பத் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பள்ளி மாவட்டம் தன் பள்ளிகளுக்குத் தேவையான கணினிகள், இணைய இணைப்பு, மென்பொருள், ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றைச் சில ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வகுத்து எழுதிவைக்கும் ஆவணம் ஆகும். இங்கு மாவட்டம் என்பது தமிழ்நாட்டின் வருவாய் மாவட்டம் போன்றதன்று. பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் ஒன்றின் கீழ், பள்ளிகளை நடத்துவதற்கென்றே இயங்கும் உள்ளாட்சி அமைப்பு அது. அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன.

பின்னணி

1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாக ஈ-ரேட் என்னும் திட்டம் உருவானது. இது பள்ளிகள், நூலகங்கள் ஆகியவற்றின் இணைப்புச் செலவில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தருகிறது. வறிய மாணவர் மிகுந்த மாவட்டங்களுக்குத் தள்ளுபடி அதிகம். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பங்களிப்பே இதற்கான நிதி. தொடக்கத்தில் இத்தள்ளுபடியைப் பெற, ஒப்புதல் பெற்ற தொழினுட்பத் திட்டம் கட்டாயமாக இருந்தது. திட்டம் எழுதும் வழக்கம் நாடெங்கும் பரவ இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

உட்கூறுகள்

ஈ-ரேட் விதிகள் ஐந்து கூறுகளைக் கேட்டன: குறிக்கோள்கள், ஆசிரியர் பயிற்சி, தேவை மதிப்பீடு, வரவு செலவு, பயன் மதிப்பாய்வு. இவற்றுள் வரவு செலவே பெரும்பாலும் தவறிப்போகும் இடம். கருவியின் விலை ஒருமுறைச் செலவு. பழுதுபார்ப்பு, மென்பொருள் உரிமம், கம்பியில்லா வலையமைப்பு, மாற்றுக் கருவி ஆகியவையோ ஆண்டுதோறும் தொடர்பவை.

லாஸ் ஏஞ்சலஸ் நிகழ்வு

நாட்டின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமான லாஸ் ஏஞ்சலஸ், மாணவர் அனைவருக்கும் ஐபேட் வழங்க முடிவு செய்து 2013 சூனில் 3 கோடி டாலர் மதிப்பிலான முதற்கட்ட ஒப்பந்தத்திற்கு இசைவளித்தது. முழுத் திட்டத்தின் மதிப்பீடு 130 கோடி டாலர் வரை சென்றது. கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே, ஏறத்தாழ 300 மாணவர்கள் பாதுகாப்பு வடிகட்டியை நீக்கிவிட்டுத் தாம் விரும்பிய தளங்களுக்குச் சென்றனர். அவர்கள் செய்ததெல்லாம் கருவியிலிருந்த ஓர் அமைப்புக் கோப்பை அழித்தது மட்டுமே! இணையவழித் தேர்வுகளுக்கு வேண்டிய விசைப்பலகைகள் ஒப்பந்தத்தில் இல்லை. பியர்சன் நிறுவனத்தின் பாடப்பொருள் முழுமையடையாத நிலையிலேயே வந்தது. கட்டடங்களுக்கென மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்த கடன்பத்திர நிதியை, சில ஆண்டுகளே உழைக்கும் கருவிகளுக்குச் செலவிட்டதும் கண்டனத்துக்குள்ளானது. ஏலத்திற்கு முன்பே அதிகாரிகள் விற்பனை நிறுவனங்களுடன் பரிமாறிய மின்னஞ்சல்கள் வெளியானதை அடுத்து, 2014 ஆகத்தில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. கூட்டரசின் விசாரணை 2017 இல் வழக்கேதும் தொடரப்படாமல் முடிந்தது.

பின்னைய மாற்றங்கள்

2014 இல் ஈ-ரேட் விதிகள் திருத்தப்பட்டபோது, தொழினுட்பத் திட்டம் என்னும் நிபந்தனை முற்றிலும் நீக்கப்பட்டது. ஆண்டு நிதி உச்சவரம்பு ஏறத்தாழ 390 கோடி டாலராக உயர்ந்தது. எனினும் மாவட்டங்கள் பல தம் தேவைக்காகத் தொடர்ந்து திட்டம் வகுத்து வருகின்றன. ஈ-ரேட்டுக்கான நிதி திரட்டும் முறை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தொடுக்கப்பட்ட வழக்கை, 2025 சூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்னும் பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது.