தோட்டத்துக் கள்ளும் கூலிக் கணக்கும்

தமிழன் குடிகாரன் என்னும் பழிச்சொல் மலாயா நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. நம்மவரிலும் படித்தோர் பலர் அதனை ஒப்பித் தலைகுனிந்தனர். மலாக்காத் தோட்டமொன்றில் கூலிக் கணக்கெழுதும் நாம், அப்பழியின் கணக்கையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் தகும்.

1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் தமிழகத்தினின்றும் ஆள்கட்டி வந்தனர். லயமும் கோயிலும் எழுந்த தோட்டங்களில் கள்ளுக்கடையும் எழுந்தது. அரசினர் உரிமம் அளித்தனர். பல தோட்டங்களில் நிர்வாகமே கடையை நடத்திற்று. வைகறையில் பிரட்டுக்களம் சென்று நாளெல்லாம் உழைத்தவன், மாலையில் செல்லுதற்கு வேறிடம் அறியான். கொடுத்த கூலியில் ஒரு பங்கு கடை வழியே மீண்டு போயிற்று.

பெண்களிலும் கள் அருந்தினோர் உண்டு. ஆயினும் கடைவாசலில் பெரும்பாலும் நின்றவர் ஆண்களே. உலைக்கு அரிசியின்றி நின்றவள் பெண். 1937-இல் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு விதித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. குறைந்த கூலி பெற்றவளே கள்ளால் வந்த கடனையும் சுமந்தாள்.

தொழிலாளர் இதனை உணராதிருந்தனர் அல்லர். 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்து வேலைநிறுத்தத்தார், கள்ளுக்கடைகளை மூடுக என்று கோரினர். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளை எதிர்த்துக் கிளர்ந்தனர். போலீசாரோடு நேர்ந்த மோதலில் உயிர்ப்பலியும் உண்டாயிற்று. குடி நம் பிறவிக் குணமாயின், இக்கிளர்ச்சி எங்ஙனம் தோன்றிற்று?

கிள்ளான் கோரிக்கைகளுள் நம்மை நாணச் செய்வதொன்றும் உண்டு. துரைமாரும் அவர்தம் உள்நாட்டு உத்தியோகஸ்தரும் தொழிலாளப் பெண்களிடம் முறைகேடாய் நடத்தல் ஒழிக என்பதே அது. கள்ளைப் பழித்து விஸ்கியை மதித்த கிராணி வர்க்கத்தார் இதை மறத்தலாகாது.

தோட்டங்கள் துண்டாடப்பட, கள்ளுக்கடைகளும் குறைந்தன. மலிவான சம்சு அவ்விடத்தைப் பற்றிற்று. 2018-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மது 40-க்கு மேற்பட்டோரை மாய்த்தது. மாண்டவருட் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். முன்பு நம் பாட்டன்மார் நின்றவிடத்தில் இன்று வேறு ஏழைகள் நிற்கின்றனர். நஞ்சு இனம் பார்ப்பதில்லை, வறுமையைப் பார்க்கின்றது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 1900-களின் தொடக்கத்திற் பிறந்தாரில் பெண்களைவிட ஆண்களே இருமடங்குக்கு மேல் குடித்தனர் என்றும், அந்நூற்றாண்டின் இறுதியிற் பிறந்தாரில் அவ்வேறுபாடு ஏறக்குறைய மறைந்தது என்றும் கூறுகின்றது. கோப்பையில் வந்த இச்சமத்துவம் யாருக்கு ஆதாயம் என்பதை மது விற்போர் அறிவர். நம் பாட்டிமார்க்கு வேண்டியிருந்த சமத்துவம் கூலிப் புத்தகத்தில் மறுக்கப்பட்ட அந்த 10 காசு. அதனை அன்று குறைத்தெழுதியதும் நம்மையொத்த ஒரு கிராணியின் கையே. இனியேனும், பிறர்மேற் பழியெழுதுமுன் கணக்கைப் பார்ப்போமாக.