எல்லைச் சாலையும் 1991-இன் பெண் போராளிகளும்

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானபின், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரும், நெடுஞ்சாலைகள் கூடும் கிருஷ்ணகிரியும் வெளியூர்த் தொழிலாளரும் சரக்கு லாரிகளும் ஓயாது கடந்துசெல்லும் எல்லைப்புறமாக மாறின. இத்தகைய போக்குவரத்தின் மறைவே 1991-இல் ஒரு கொலைக்குழுவுக்குப் புகலாயிற்று. அவ்வாண்டு மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் தனு என்னும் பெண் தன் உடலில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச்செய்து ராஜீவ் காந்தியைக் கொன்றபின், அதனை நடத்திய சிவராசனும், தனுவுடன் இலங்கையிலிருந்து வந்திருந்த சுபாவும், ஜூன் இறுதியில் டேங்கர் லாரியின் கொள்கலனுக்குள் ஒளிந்து பெங்களூர் சேர்ந்தனர். ஆகஸ்ட் 20 அன்று நகரின் தென்புறத்துக் கோணனகுண்டேயில் அவர்கள் ஒளிந்திருந்த வீட்டுக்குள் காவல்துறை நுழைந்தபோது இறந்துகிடந்த எழுவரில் சுபா, ஜமுனா ஆகிய இருவர் பெண்கள்.

இப்பெண்களை ஆண்கள் ஆட்டுவித்த கருவிகளாகக் காணும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. ஆனால் சான்றுகள் அதற்கு முழுமையாக இடம்தருவதில்லை. இவர்கள் சார்ந்திருந்த விடுதலைப் புலிகள் அமைப்பின் மகளிர் அணிக்கு 1985-இலேயே திண்டுக்கல் அருகே சிறுமலையில் ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. இந்திய அமைதிப்படையுடனான மோதலில் 1987 அக்டோபர் 10 அன்று இலங்கையின் கோப்பாயில் அவ்வணியின் போராளி மாலதி வீழ்ந்தார். பின்னாளில் பெண்களே தளபதிகளாயிருந்த படையணிகளும் எழுந்தன. ராஜீவ் கொலை வழக்கில் தலைமறைவுக் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்ட மூவரில் அமைப்பின் தலைவர் பிரபாகரனுக்கும் உளவுப் பிரிவுத் தலைவர் பொட்டு அம்மானுக்கும் அடுத்து நின்றவர், அப்பிரிவின் மகளிர் பகுதியைச் சேர்ந்த அகிலா. எனினும் அமைப்பின் இறுதி அதிகாரம் ஆண்களிடமே இருந்தது என்பதும், உயிரோடு சிக்காதிருக்கக் கழுத்தில் தொங்கவிடும் சயனைடு குப்பி இருபாலார்க்கும் ஒன்றே என்பதும் சேர்த்தே எண்ணத்தக்கவை: சாவில் தரப்பட்ட சமத்துவம் முடிவெடுப்பதில் தரப்படவில்லை.

இப்பெண்கள் வெறும் கருவிகளா என்னும் கேள்வியை நீதிமன்றமும் எதிர்கொண்டது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட நளினி என்னும் பெண் உள்ளிட்ட நால்வரின் மரண தண்டனையை உறுதிசெய்தபோது, நீதிபதி கே.டி. தாமஸ் மட்டும், பெண்ணின் மெல்லுணர்வைப் பயன்படுத்தி நளினி சதிக்குள் இழுக்கப்பட்டார் என்றும், அவர் சிறுகுழந்தையின் தாய் என்றும் கூறி, அவருக்கு ஆயுள் தண்டனையே போதும் எனக் கருதினார். இரக்கம் மிகுந்த அவ்வாதம், தன் செயலைத் தானே தேர்ந்தவளாகப் பெண்ணைக் காணத் தயங்கியது. 2000-இல் தமிழக ஆளுநர் நளினியின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவிக்க ஆணையிட்டபோது, கைதாகி 31 ஆண்டுகள் கடந்திருந்தன.