கார் கதவுக் கண்ணாடியின் கதை

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. எந்தப் பாகம் உடைந்தாலும் லேத்தில் வைத்துக் கடைந்து மாலைக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்த ஊர். பம்புசெட்டும் வெட் கிரைண்டரும் நாடு முழுக்க அனுப்புகிற ஊர். ஆனால் கார் கதவுக் கண்ணாடி உடைந்தால் மட்டும் இந்த ஊரும் மற்ற ஊர்களைப் போலக் காத்திருக்கிறது. வெளியே எங்கோ செய்த கண்ணாடிதான் வந்தாக வேண்டும். ஏன் அப்படி என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் வண்டி வந்த புதிதில் பக்கக் கண்ணாடி என்ற பிரச்சினையே இல்லை. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸைத் தானே ஓட்டினாரே, அந்தக் காலத்துப் பஸ்களில் மழை வந்தால் சுருட்டி வைத்த கான்வாஸ் படுதாவை இறக்கிவிடுவார்கள். அவ்வளவுதான். நான்கு பக்கமும் மூடிய கார்கள் பெருகிய பிறகே கதவுக்குக் கண்ணாடி அவசியமாயிற்று. ஆரம்பத்தில் அது வீட்டு ஜன்னலுக்குப் போடும் அதே சாதாக் கண்ணாடி.

எனக்கு நினைவு தெரிந்த கார்களின் கதவுக் கண்ணாடி பெரும்பாலும் தட்டையாக இருக்கும். உடைந்தால் அட்டையில் அளவு வரைந்துகொண்டு, சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போவார்கள். அவர் வைரக் கத்தியால் ஒரு கோடு இழுத்து, தட்டி உடைத்து, ஓரத்தைத் தேய்த்துக் கொடுப்பார். அரை நாள் வேலை. செலவும் சொற்பம். எழுபதுகளில் எங்கள் அலுவலக வண்டிக்கும் இப்படித்தான் ஒரு கண்ணாடி போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த வண்டி ஒரு புளியமரத்தில் உரசியது. வேகம் அதிகமில்லை, கதவு கூட அவ்வளவாக நசுங்கவில்லை. ஆனால் கண்ணாடி கத்தி கத்தியாக உடைந்து டிரைவரின் வலது கன்னத்தைக் காதுவரை கிழித்துவிட்டது. பதினொரு தையல். ஓய்வு பெறும்வரை அவர் அந்தப் பக்கம் சரியாகச் சவரம் செய்ய முடியாமல் இருந்ததை நான் தினமும் பார்த்தேன்.

இந்த ஆபத்துக்கு மருந்து கண்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அவர்களைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், உண்மையே அதுதான்.

முதலாமவர் ரோயே தெ லா பஸ்தி. கண்ணாடியை இளகும் அளவுக்குச் சூடாக்கி, சூடான எண்ணெய், கொழுப்புக் கலவையில் முக்கி எடுத்தால் அது பல மடங்கு உறுதியாகிறது என்று 1874-இல் காப்புரிமை பெற்றார். அவர் மனதில் இருந்தது கார் அல்ல, அப்போது கார் ஏது? டம்ளரும் விளக்குச் சிம்னியும்தான். அந்த டம்ளர்கள் சில சமயம் தாமாகவே வெடித்தன என்பதால் வியாபாரம் நிலைக்கவில்லை. பிறகு எண்ணெய்க்குப் பதிலாகக் குளிர்ந்த காற்றை ஊதிப் பதப்படுத்தும் முறை வந்தது. 600 டிகிரிக்கு மேல் சூடான கண்ணாடியின் மேல்பரப்பு சட்டென்று குளிர்ந்து இறுகிவிடுகிறது. உள்பக்கம் மெதுவாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது, முடியவில்லை. ஆகவே வெளியே அமுக்கம், உள்ளே இழுப்பு. இந்த இரண்டும் மல்லுக்கட்டி நிற்பதால்தான் அதற்கு நான்கைந்து மடங்கு பலம். எங்காவது ஒரு கீறல் உள்ளே இறங்கினால் மல்லுக்கட்டு குலைந்து முழுக் கண்ணாடியும் சிறு சிறு மணிகளாகக் கொட்டிவிடும். மணி மழுங்கலாக இருக்கும், கன்னத்தைக் கிழிக்காது.

இரண்டாமவர் எதுவார் பெனெதிக்துஸ். ஓவியமும் ரசாயனமும் தெரிந்த மனிதர். 1903-இல் அவருடைய ஆய்வறையில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இப்படி ஒரு படலம் வைத்து 1909-இல் காப்புரிமை எடுத்தார். இன்றைய கார்களின் முன் கண்ணாடி அந்த வம்சம். பிரெஞ்சில் முன் கண்ணாடிக்குப் பெயர் 'பார்பிரீஸ்', அதாவது தென்றலைத் தடுப்பது. புயல் வேகத்தில் போகும் வண்டிக்கு இப்படி ஒரு மென்மையான பெயர்!

நம் நாட்டில் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி, கார் கண்ணாடிகள் பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது. ஆக, சட்டம் போடுகிறவரின் வைரக் கத்திக்கு இங்கே வேலை போயிற்று. பதப்படுத்திய கண்ணாடியை யாரும் வெட்ட முடியாது. முதலில் வெட்டி, துளையிட்டு, வளைத்து, கடைசியில்தான் பதப்படுத்த வேண்டும். ஒவ்வொரு காருக்கும், ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனி. காத்திருப்பதன் காரணம் இதுதான்.

சென்ற வருஷம் அவிநாசி சாலையில் முன்னே போன லாரியிலிருந்து ஒரு கல் தெறித்து எங்கள் மாப்பிள்ளையின் காரில் இடது பின்கதவுக் கண்ணாடி கொட்டிப்போனது. பட்டறைக்காரரிடம் நான் வேண்டுமென்றே கேட்டுப் பார்த்தேன், வெட்டிப் போட முடியாதா என்று.

"ஏனுங்க ஐயா, டஃபன் கண்ணாடியில கத்தி வெச்சா பொரியாட்டம் உதிர்ந்துருமுங்க. சாதாக் கண்ணாடி வேணும்னா ஒரு மணி நேரத்துல போடலாமுங்க, பாதி வெலைதான். ஆனா நாம்போட மாட்டனுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே வண்டியை அங்கே விட்டோம். கண்ணாடி வர இரண்டு நாள். மாட்டியது ஒன்றேகால் மணி நேரம். அதிலும் பாதி நேரம், கதவின் உள்பலகையைக் கழற்றி அடியில் கொட்டிக் கிடந்த மணிகளை உறிஞ்சி எடுப்பதிலேயே போயிற்று. அதை விட்டால் கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் கரகரவென்று அரைக்குமாம். கண்ணாடி 1,500, கூலி 500, கிளிப், உள் பிளாஸ்டிக் தாள் 150. மொத்தம் 2,150 ரூபாய். மூலையில் ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டேன். கறுப்பு ஃபிலிம் ஒட்டட்டுமா என்று பையன் கேட்டான். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது என்று சொன்னேன், சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இன்சூரன்ஸ் கேட்கலாமே என்றார் மாப்பிள்ளை. குமாஸ்தா புத்தி, காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை, அது நல்ல செய்தி. ஆனால் சிறிய காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் தலையில். ஆகக் கிடைப்பது 1,150. அதைக் கேட்டால் நோ கிளெய்ம் போனஸ் பறிபோகும். அவருக்கு 35 சதவீதம், சொந்தச் சேத பிரீமியம் 6,000 என்று வைத்தால் 2,100 நஷ்டம். கைக்காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

உடைந்தது முன் கண்ணாடியாக இருந்தால் கணக்கு வேறு. அது விலை அதிகம், இன்சூரன்ஸ் கேட்பது நியாயம். பழைய வண்டிகளில் ரப்பர் பீடிங்கின் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, வெளியே ஒருவர் கண்ணாடியை அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க, ரப்பர் உதடு சட்டத்தின் மேல் மடங்கி ஏறும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். இப்போது பசை வைத்து ஒட்டுகிறார்கள். பசை இறுகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது, கதவை ஓங்கிச் சாத்தவும் கூடாது. அவசரப்படுத்தினால் கண்ணாடி ஒரு நூல் நகர்ந்து, ஐப்பசி மழையில் டாஷ்போர்டு நனையும்.