முதல் துப்பாக்கியும் வேட்டைத்துணையும்: கார்பெட் நூல்கள்வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வேட்டைக் கருவியின் ஆற்றலை வேடனின் புகழாகக் காணும் மரபு தமிழுக்குப் புதிதன்று. வல்வில் ஓரியைப் பாடும் வன்பரணர் (புறம். 152), அவன் எய்த ஓர் அம்பு யானை தொடங்கி உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை ஊடுருவிச் சென்றதாகப் புனைவர். காலனிய இந்தியாவிலும் பெருவிலங்கு வேட்டைக்கு எக்கருவி ஏற்றது என்னும் வினா பெரிதும் ஊடுருவும் ஆற்றல் பற்றியதாகவே அமைந்தது. எனினும் முதன்முதலாகக் காடு புகும் துணைவனுக்கு மூத்த வேடன் சொல்லத்தக்கது இவ்வளவுதானா? ஜிம் கார்பெட்டின் (1875–1955) நூல்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கருவித் தேர்வின் பின்புலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரிமருந்துத் துப்பாக்கிகளே வழக்கில் இருந்தன. குண்டின் எடையைக் கூட்டுவதே ஆற்றலைப் பெருக்கும் வழியாதலின், இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்றோர் மிகப் பெரிய குழல்விட்டமுடைய துப்பாக்கிகளை ஏந்தினர். புகை குறைந்த கார்டைட் மருந்து வந்தபின் சிறிய குண்டும் மிகுவிரைவால் ஆழப் பாய்ந்தது. எனவே எடையா, விரைவா என்னும் விவாதம் எழுந்தது.

இத்தேர்வு வேடனின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததன்று. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர்க்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர் முதலானோர் விதிகளின்வழி விலக்குப் பெற்றனர். கிளர்ச்சியாளர் கையில் சேரக்கூடும் என்னும் அச்சத்தால் .450 விட்டத் தோட்டாக்களின் இறக்குமதி 1907இல் தடை செய்யப்பட்டது. அதன் விளைவாகவே .465, .470 போன்ற புதிய விட்டங்கள் சந்தைக்கு வந்தன. ஆக, வேட்டைத் துப்பாக்கியின் அளவையே அரசியல் அச்சம் மாற்றியமைத்தது எனலாம்.

2. குன்வர் சிங்கின் அறிவுரை

கார்பெட் சிறுவனாயிருந்தபோது பெற்ற முதல் துப்பாக்கி, வாய்வழி மருந்திட்டு நிரப்பும் இரட்டைக்குழல் துப்பாக்கியாகும். அதன் வலக்குழல் வெடித்திருந்தது. கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. காலாதுங்கிப் பகுதியில் சட்டத்தின் பார்வையில் திருட்டு வேட்டைக்காரராக இருந்த ஊர்த்தலைவர் குன்வர் சிங் அதனைக் கண்டு குறை கூறவில்லை. இத்துப்பாக்கியுடன் காட்டில் எங்கும் அஞ்சாது செல்லலாம், ஆனால் மரமேறக் கற்றிருக்க வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை.

அதற்குச் சான்றாக அவர் தம் வேட்டைத்துணை ஹர் சிங்கின் கதையைக் கூறினார். புலி எதிர்ப்பட்டபோது குன்வர் சிங் மரமேறித் தப்பினார். மரமேறக் கல்லாத ஹர் சிங் அடிமரத்தோடு ஒட்டி நின்று வயிறு கிழிபட்டார். குன்வர் சிங் மேலிருந்து சுட்டுப் புலியை வெருட்டினார்; வெளிப்பட்ட குடலை உள்ளே தள்ளித் தலைப்பாகையால் கட்டித் துணைவனை உயிருடன் கொண்டு வந்தார். 'என் இந்தியா' (1952) நூலில் இடம்பெறும் இந்நிகழ்ச்சியில் துப்பாக்கியின் விட்டமோ தயாரிப்போ பேசப்படவில்லை. துணைவனால் இயலாதது எது என்பதை முன்கூட்டி அறிதலே முதன்மை பெறுகிறது.

3. சம்பாவத், 1907

436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை வேட்டையாடுகையில் கார்பெட்டிடம் .500 விட்ட ரைபிளும் மூன்று தோட்டாக்களுமே இருந்தன. அவை தீர்ந்தபின் அவர் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். பின்புறம் சரியாகப் பொருந்தாத அத்துப்பாக்கியின் குண்டு புலியின் பாதத்தில் மட்டுமே பட்டது. முன்னைய குண்டுகளாலேயே அது வீழ்ந்தது. ஆற்றல்மிக்க ரைபிளும் தோட்டா தீர்ந்தால் வெறுங்குழலே என்பது இதனால் புலனாகிறது.

இவண் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. புலியைக் கலைத்து ஓட்ட ஏறத்தாழ முந்நூறு ஊர்மக்கள் திரண்டனர். உரிமமற்ற துப்பாக்கிகளைக் கண்டுகொள்வதில்லை என்று தாசில்தார் முன்னரே அறிவித்திருந்தார். ஒளித்து வைக்கப்பட்டிருந்த பழந்துப்பாக்கிகள் அன்று வெளிவந்தன. சட்டம் குற்றமென்றதை அரசின் அலுவலரே ஒருநாள் தேவையாக்கினார்.

இவ்வெற்றிக்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்கு .275 ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். மலையேறி நெடுந்தொலைவு நடப்பவர்க்கு ஏற்ற எடை குறைந்த கருவி அது. 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தை வீழ்ந்தது இதனாலேயாம். அதில் பதித்த வெள்ளித் தகட்டில் கார்பெட்டின் பெயரும் ஆளுநரின் பெயரும் உள்ளன. திரண்டு வந்த ஊர்மக்களைப் பற்றிய குறிப்பு இல்லை.

முடிவுரை

பெருவிலங்கு வேட்டைக் கருவியின் தேர்வு குண்டின் ஆற்றலோடு சட்டம், நிலம், ஏந்துவோரின் உடல்திறன் ஆகியவற்றையும் சார்ந்தது என்பது மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் இத்தேர்வு இந்தியாவில் வரலாற்றுச் செய்தியாகிவிட்டது. எனினும் வரலாறு துப்பாக்கிகளின் பெயர்களைக் காத்த அளவிற்கு, அவற்றை ஏந்தக் கற்பித்தவர்களின் பெயர்களைக் காக்கவில்லை. குன்வர் சிங்கின் சொல் எஞ்சியது, அவரிடம் பாடங்கேட்ட சிறுவன் பின்னாளில் எழுத்தாளனானதால்தான். அவ்வாறு எழுதப்படாத குன்வர் சிங்குகளை வாய்மொழி வழக்காறுகளில் தேடுவது நம் ஆய்வுக்குரிய அடுத்த பணியாகும்.