துபுவா சாமியாரின் கணக்கு

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு ஒரு கேள்வி. 1792-ல என்ன விசேஷம்? திப்பு சுல்தான் கையிலிருந்த பாராமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரிப் பக்கம், கம்பெனிக்குப் போன வருஷம். அதே வருஷம்தான் அபே துபுவா என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

1799-ல் திப்பு இறந்தபிறகு, எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் சீமையில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைச் சேர்க்கப் போனார். தலைப்பாகை கட்டி, நம்மாளு மாதிரியே வாழ்ந்தார். ஜனங்க 'தொட்ட சுவாமி'ன்னு கூப்பிட்டாங்க.

பலன்? 25 வருஷத்தில் மதம் மாறியவர்கள் 200, 300 பேர்தான்னு அவரே எழுதியிருக்கார். 1823-ல் வெளியான கடிதங்களில், இங்கே மதமாற்றம் நடக்காத காரியம்னே அடிச்சுச் சொல்லிட்டார். எவ்வளவு மனசு விட்டுப்போயிருந்தா இப்படி எழுதுவார்!

ஆனா அந்தக் கணக்கில் வராத வேலை நிறைய இருக்கு. 1803-04-ல் 25,000 பேருக்கு மேல் அம்மை குத்த ஏற்பாடு செய்தார். ஹாசன் பக்கம் சத்தள்ளியில் ஏழைகளுக்கு விவசாயக் குடியிருப்பு அமைத்தார்.

ஒரு ப்ராஜெக்ட் ஊத்திக்கிட்டாலே நாமெல்லாம் ரெஸ்யூமைத் தூசி தட்டுவோம். மனுஷன் 31 வருஷம் இருந்துட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார். சோர்வை அவர் ஜெயிச்சாரான்னு தெரியலை. சோர்வு அவர் கையைக் கட்டலை, அது மட்டும் நிச்சயம். நீங்க என்ன சொல்றீங்க?