நின்ற வண்டியும் சரிவும்

ஜவ்வாது மலையில் சாலை போடுகிறவர்களுக்குச் சமதளம் வாய்ப்பது அரிது. போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதைகளின் சரிவுகளில் ஜல்லி ஏற்றிய டிப்பர் மேலே நிற்கும், ஆட்கள் கீழே குனிந்து வேலை செய்வார்கள். ஒரு பக்கம் வெட்டிய மண், மறுபக்கம் பள்ளம் என்றால், வண்டி நகரும்போது விலகிக்கொள்ள இடம் ஏது? இப்படி யாராவது அடிபட்டால் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நின்ற வண்டி தானாக உருளக்கூடும் என்பதைச் சட்டம் எப்போதோ எண்ணிப் பார்த்திருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது வண்டி நகராதபடி எஞ்சினை நிறுத்தி பிரேக் போட வேண்டும், அல்லது வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே சொன்னது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதைத் தொடர்கிறது. சிக்கல் அதிலுள்ள ‘பொது இடம்’ என்ற வரம்பில் இருக்கிறது. தடுப்பு வைத்து மூடிய சாலையும் பாதி எழும்பிய பாலமும் பொதுமக்கள் போக உரிமையுள்ள இடங்களா என்று வாதாட முடியும். சாலையில் போகிறவரை மனத்தில் வைத்து எழுதிய விதி, அதைப் போடுகிறவருக்கு அரைகுறைக் காவலாகவே நிற்கிறது.

ஓட்டுநரின் அலட்சியத்துக்கு ஒப்பந்தக்காரர் என்ன செய்வார் என்று கேட்கலாம். 2025 வரை நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது. வேலையின்போது, வேலையால் காயம் நேர்ந்ததா என்றுதான் அது பார்த்தது. வேலையை உள் ஒப்பந்தத்துக்கு விட்டவரும் பொறுப்பாளி என்றது அதன் 12ஆம் பிரிவு. ஆனால் அடிபட்ட பிறகு பணம் தருவது வேறு, அடிபடாமல் காப்பது வேறு. பின்னதற்குத்தான் 2025 வரை 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் இருந்ததே என்றால், அது பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குரியதாக இருந்தது. ஓடைக்குக் குறுக்கே ஆறேழு பேர் கட்டும் சிறுபாலம் அந்தக் கணக்கில் தப்பிவிட முடிந்தது. சரிவுக்கு மட்டும் ஆள்கணக்கு கிடையாது.

மலைக்குச் சாலை அவசரம், கெடுபிடி கூடினால் வேலை தாமதமாகும் என்பது வலுவான மறுப்பு. சாலை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் செம்பறை அருகே கோயிலுக்குப் போனவர்களின் சரக்கு வண்டி கவிழ்ந்து 11 பேர் இறந்தது இதே மலையில்தான். ஓடும் வண்டியே கட்டுமீறும் சரிவில், பாரத்தோடு நிறுத்திய வண்டியை ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி விடுவது சிக்கனமே அல்ல. சக்கரத்துக்கு வைக்கும் கட்டைக்கும், பின்னால் நின்று கை காட்டும் ஆளின் கூலிக்கும் ஒப்பந்த மதிப்பீட்டில் தனி இனம் இருந்தால், அவற்றை மிச்சம் பிடிப்பதில் ஒப்பந்தக்காரருக்கு ஆதாயம் இராது. கிளீனர் பொறுக்கி வரும் கல்லையே நம்பி வேலை நடக்கவும் வேண்டியிராது.